பால்ச்சாமியின் மூன்று பிரதிகள்

11-10-2009. டிஜிட்டல் கேமரா. ரூ. 7,450
05-06-2011. கம்ப்யூட்டர், மேஜையுடன். ரூ. 26,300
26-01-2014. தனி ஹார்ட் டிஸ்க். ரூ. 5,200
14-08-2016. பென் டிரைவ். ரூ. 1,350
23-10-2023. நல்லெண்ணெய், பஞ்சுத்திரி, பூ, பொரி. ரூ. 312
02-11-2023. சென்னை லேப், பரிசோதனைக் கட்டணம். ரூ. 2,360
11-01-2024. அதே லேப், மாற்று உதிரி பாகம். ரூ. 14,160

ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் வாசலில் முப்பத்தொரு வருஷம் டைம் கீப்பராக உட்கார்ந்திருந்தவர் பால்ச்சாமி. சங்கு ஊதிய பிறகு உள்ளே வருகிறவன் சொந்தச் சித்தப்பா மகனாக இருந்தாலும் அவன் கார்டில் சிவப்பு மைதான் விழும். “பால்ச்சாமி அண்ணாச்சி கடிகாரத்தைப் பார்க்க மாட்டாரு, கடிகாரந்தான் அவரைப் பார்த்து ஓடுது” என்று மில்லில் கேலி பேசுவார்கள். அவருக்கும் அது தெரியும். கேலி என்று அவர் எடுத்துக்கொண்டதில்லை.

அவருக்கு ஒரே மகள், வெங்கடேஸ்வரி. வீட்டில் ஈஸ்வரி. பதினொன்றாம் வகுப்பு படிக்கும்போது அந்த வருஷத்துத் தீபாவளி போனஸில் கேமரா வாங்கினார். கேட்டது மகள், கடைசிவரை கையில் வைத்திருந்தது அப்பா. கேமரா தானாகப் படங்களுக்கு வைக்கும் எழுத்தும் எண்ணும் அவருக்குப் பிடிக்கவில்லை. பெயரில்லாத கார்டை டைம் ஆபீசில் யார் வைத்திருப்பார்கள்? கம்ப்யூட்டர் வந்ததும் ஒவ்வொரு படத்துக்கும் அவரே பெயர் வைத்தார். தேதி, ஆள், இடம், பொருள், வரிசை எண். வருஷத்துக்கு ஒரு கோப்புறை. ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்துவிட்டு வந்து அந்த வேலையில் உட்கார்ந்தால், மனைவி மாடத்தி இட்லித் தட்டைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விடுவாள். ஆறிய இட்லியைத்தான் தின்பார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் அவருடைய தங்கை முனீஸ்வரி இருந்தாள். அவள் மகன் அழகுராஜா அங்கே கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தான். மாமாவின் மிஷினைத் தூசி தட்ட வந்த ஒரு நாள் அவன்தான் சொன்னான்.

“மாமா, எல்லாத்தையும் ஒரே பெட்டிக்குள்ள வச்சிருக்கீகளே, பெட்டி படுத்துச்சுன்னா என்ன செய்வீக? மூணு காப்பி இருக்கணும். அதுல ஒண்ணு வேற ஊர்ல இருக்கணும்.”

மில்லில் எந்தத் தாளும் மூன்று பிரதி போகும். ஒன்று அலுவலகத்துக்கு, ஒன்று கணக்கருக்கு, ஒன்று கோப்புக்கு. அதனால் இது அவருக்கு ரத்தத்தில் இருந்த பேச்சு. கம்ப்யூட்டர் வீட்டில் இருந்தது. ஹார்ட் டிஸ்க் முனீஸ்வரி வீட்டுப் பீரோவில், பட்டுப்புடவைகளுக்கு நடுவே, ஒரு எவர்சில்வர் டிபன் டப்பாவுக்குள் இருந்தது. பின்னால் வாங்கிய பென் டிரைவ் ராஜபாளையம் வீட்டிலேயே வேறு அறையில் இரும்புப் பெட்டியில். இங்கே தீப்பிடித்தால் அங்கே இருக்கும், அங்கே வெள்ளம் வந்தால் இங்கே இருக்கும் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். மாதம் ஒருமுறை வில்லிபுத்தூர் பஸ் ஏறிப் போய், புதுப் படங்களைச் சேர்த்து, பழையவை திறக்கின்றனவா என்று பார்த்துவிட்டு வருவார்.

ஈஸ்வரிக்குக் கல்யாணமாயிற்று. மாப்பிள்ளை ஜெயபாண்டி கோயம்புத்தூரில் போலீஸ்காரர். அடுத்த வருஷம் ஒரு பெண் பிறந்தாள், தர்ஷிகா. அந்தக் குழந்தைக்கு இரண்டு வயது முடிந்து நாலாம் மாதம், டெங்குக் காய்ச்சலில் ஈஸ்வரி போய்ச் சேர்ந்தாள். அவளுக்கு அப்போது வயது இருபத்து நாலு.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து கூட்டம் கலைந்ததும் மாடத்தி கம்ப்யூட்டர் மேஜைக்கு எதிரே வந்து நின்றாள்.

“இந்தப் பெட்டிக்குள்ள இருந்து அவ சத்தம் கேட்டுச்சுன்னா, அன்னைக்கே நான் மகாராஜபுரத்துக்கு எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிருவேன். சொல்லிட்டேன்.”

அன்றிலிருந்து ஒலியைச் சுழியில் வைத்து, கதவைச் சாத்திக்கொண்டுதான் அவர் அதைத் திறந்தார். நாலாயிரத்து முந்நூற்றுப் பதினெட்டுப் படங்கள். அவற்றில் மூன்று ஓடும் படங்கள். அவள் வாய் அசைவதைச் சத்தமில்லாமல் பார்ப்பார்.

யார் கேட்டும் படம் கொடுத்ததில்லை. போனில் அனுப்பினால் படம் சுருங்கிவிடும் என்பார். கண்டவர்கள் கண்டபடி ஸ்டேட்டஸ் வைப்பார்கள் என்பார். முதல் வருஷத் திதியன்று முனீஸ்வரி தன் போனில் இருந்த ஈஸ்வரி படத்தை ஸ்டேட்டஸாக வைத்தாள். மறுநாளே பஸ் ஏறிப் போய், ஸ்டேட்டஸோடு போனில் இருந்த படங்களையும் சேர்த்து அழிக்கச் சொல்லிவிட்டு, அழித்தாளா என்று வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் அங்கே தண்ணீர் குடித்தார்.

ஜெயபாண்டி மறுமணம் செய்துகொண்டார். வந்த பெண் நல்ல மாதிரி. தர்ஷிகா அவளைத்தான் அம்மா என்று கூப்பிட்டு வளர்ந்தாள். கோடை விடுமுறையில் மட்டும் ராஜபாளையத்துக்கு வந்து இரண்டு வாரம் இருப்பாள். பிள்ளை கொஞ்சம் வளரட்டும் மாமா, பிறகு படமெல்லாம் காட்டலாம் என்று ஜெயபாண்டி கேட்டுக்கொண்டிருந்தார். அதிலும் தப்பில்லை என்றே பால்ச்சாமிக்குப் பட்டது.

அவளுக்கு எட்டு வயது ஆகவிருந்த மே மாதம், கூடத்தில் மாலை போட்டு மாட்டியிருந்த படத்துக்கு நேரே நின்று கேட்டாள்.

“தாத்தா, இந்தம்மா எப்பவுமே இப்படித்தான் முறைச்சுட்டு இருப்பாங்களா?”

அது வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு எடுத்த பாஸ்போர்ட் அளவுப் படம். ஸ்டுடியோவில் பெரிதாக்கி, பின்னால் நீலம் பூசிக் கொடுத்தது. சுவரில் மாட்ட அதுதான் லட்சணம் என்று எல்லோரும் சொன்னார்கள்.

“ஏம்மா அப்படிக் கேக்க?”

“கல்யாண ஆல்பத்துல பொம்மை மாதிரி நிக்கறாங்க. இதுல முறைக்கறாங்க. நிசமா எப்படி இருப்பாங்க?”

கல்யாண ஆல்பத்தில் இருந்த சிரிப்பு போட்டோகிராபர் சிரிக்கச் சொன்ன சிரிப்பு. அது அவருக்கும் தெரியும். கதவுக்கு அந்தப் பக்கம் இருந்த பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். அடுப்படியில் மாடத்தி கரண்டியை வைத்த சத்தம் கேட்டது.

“அடுத்த லீவுக்கு நீ வரும்போது தாத்தா எல்லாத்தையும் காட்டுதேன். ஒண்ணு விடாம.”

“ப்ராமிஸ்ங்களா?”

“தாத்தா சொன்னா சொன்னதுதான்.”

அழைத்துப்போக வந்த மாப்பிள்ளையிடமும் சொன்னார். சரி மாமா, அதற்குள் நானும் பக்குவமாகச் சொல்லி வைக்கிறேன் என்றார் அவர்.  மாடத்தி அன்று அண்ணன் வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லவில்லை.

இனி அந்த ஆயுத பூஜை. ஆயுத பூஜை என்றால் பால்ச்சாமி வீட்டில் எதுவும் விட்டுப்போகக் கூடாது. அரிவாள், அரிவாள்மனை, கத்தரிக்கோல், படி, சைக்கிள், ஈஸ்வரியின் பள்ளிக்கூடப் புத்தகங்கள் எல்லாம் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, சாமி முன்னால் அடுக்கிவிடுவார்கள். மறுநாள் விஜயதசமி காலையில் சூடம் காட்டி எடுக்கும் வரை ஒன்றையும் அசைக்கக் கூடாது. கம்ப்யூட்டர் வந்த வருஷத்திலிருந்து அதன் பெட்டியும் அங்கே உட்கார்ந்தது. ஹார்ட் டிஸ்க் வாங்கிய வருஷத்திலிருந்து, அன்று காலையில் வில்லிபுத்தூர் போய் அதையும் கொண்டுவந்துவிடுவார். பென் டிரைவ் வாங்கிய பிறகு அதையும் வெற்றிலையின் மேல் வைப்பார். வருஷத்தில் அந்த ஒரு நாள் மட்டும் மூன்று பிரதியும் ஒரே பலகையில் இருக்கும். ஒன்பது வருஷம் இப்படியே நடந்தது.

பத்தாவது வருஷம் டிபன் டப்பாவைப் பீரோவிலிருந்து எடுத்துக் கொடுக்கும்போது முனீஸ்வரி சொன்னாள்.

“ஏண்ணே, ஒரு நாள் கூத்துக்கு இதைத் தூக்கிக்கிட்டு அலையணுமா? இங்க நாங்களும் கும்பிடத்தான செய்யிறோம். இங்கயும் அதே சரஸ்வதிதான் வருவா.”

“எங்க வீட்டுப் பொருளுக்கு எங்க வீட்லதான் பொட்டு வைக்கணும்.”

வீட்டு முன்பக்கத்தில் தன் கடைக்குத் தோரணம் கட்டிக்கொண்டிருந்த அழகுராஜா ஸ்டூலில் நின்றபடியே சிரித்தான். “அம்மா, நீ சும்மா இரு. ஆயுதம் ஒண்ணு ஆப்சென்டுன்னா மாமா அதுக்கும் சிவப்பு மை வச்சிருவாக.”

“ஏலே, கீழே பார்த்துக் கட்டு. ஸ்டூலு ஆடுது.”

“ஆடட்டும் மாமா. எனக்கும் ஒரு காப்பி எங்கயாச்சும் எடுத்து வச்சிருப்பீகல்ல.”

டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். பதினோரு மணிக்குப் பூஜையைத் தொடங்கினார்கள். பெட்டியின் மேல் மாடத்தி ஒரு பழைய பட்டுத்துணியைப் போர்த்தி, அதன் பக்கத்தில் புத்தகங்களை அடுக்கி, ஐந்து திரி போட்டுக் குத்துவிளக்கை ஏற்றினாள். பூஜையும் சாப்பாடும் முடிந்து பால்ச்சாமி மில்லுக்குப் போனார். ஓய்வு பெற்றவர்களையும் அன்று கூப்பிட்டுப் பொரியும் லட்டும் ஒரு துண்டும் கொடுப்பது அங்கே வழக்கம். மாடத்தி வாசல் கதவைப் பூட்டிக்கொண்டு சுண்டல் கொடுக்க அடுத்த தெருவுக்குப் போனாள்.

எலி நெய்த்திரியைத்தான் இழுக்கும் என்றில்லை, நல்லெண்ணெய்த் திரியையும் இழுக்கும். பிற்பாடு பார்த்தபோது விளக்கில் நாலு திரிதான் இருந்தது. ஐந்தாவதை, எரிகிற முனையோடு, புத்தகங்களுக்கு அடியில் இழுத்துக்கொண்டு போயிருந்தது.

பக்கத்து வீட்டு வெள்ளத்தாய்தான் புகையைப் பார்த்தாள். வீட்டோடு சேர்த்து ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள். முனையில் நின்ற ஆட்டோக்காரர்களைக் கூட்டிவந்து, ஜன்னலை உடைத்து, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்ற வைத்தாள். வீடு தப்பியது. பால்ச்சாமி பொரிப் பொட்டலத்தோடு தெருவில் திரும்பியபோது தீ அணைந்திருந்தது. கம்ப்யூட்டர் பெட்டி உருகி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. வெற்றிலை இருந்த இடத்தில் பென் டிரைவ் கறுத்த சொட்டாகப் பலகையோடு ஒட்டியிருந்தது. டிபன் டப்பா மட்டும் உருக்குலையாமல் இருந்தது. பொட்டு வைப்பதற்காக மூடியைத் திறந்து வைத்திருந்ததால் அதற்குள் விளிம்புவரை தண்ணீர் நின்றது. தண்ணீருக்கு அடியில் ஹார்ட் டிஸ்க், மேலே சந்தனம் கரையாமல் கிடந்தது.

அழகுராஜா போனில் அழுத்திச் சொன்னான். “மாமா, நல்லாக் கேட்டுக்கோங்க. மத்த ரெண்டும் போச்சுன்னு வைங்க. டிஸ்க்கை மட்டும் எதுலயும் செருகிராதீக. துடைக்க வேண்டாம், காய வைக்க வேண்டாம், அரிசிக்குள்ள போட வேண்டாம். அப்படியே இருக்கட்டும். நாளைக்குச் சாயங்காலம் நான் வாரேன்.”

“சரிப்பா” என்றார்.

மறுநாள் விஜயதசமி. விடிந்ததிலிருந்து அந்த டப்பாவைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பத்து மணிக்கு டிஸ்க்கை எடுத்துத் துடைத்தார். மொட்டைமாடி வெயிலில் வெள்ளைத் துண்டின் மேல் வைத்து, காக்கை வராமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். காய்ந்துதானே விட்டது என்று தோன்றியது. எதைத் தொடங்கினாலும் துலங்கும் நாள் அல்லவா என்றும் தோன்றியது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வெள்ளத்தாய் கடைக்குப் போனார்.

“மெஷினுக்கு இப்பத்தான் சூடம் காட்டி எடுத்தேன் அண்ணாச்சி. மொத வேலை உங்களுதாவே இருக்கட்டும்” என்றாள் அவள். அழகுராஜா சொன்னது அவளுக்குத் தெரியாது.

செருகினார். சின்ன விளக்கு எரிந்தது. திரையில் கோப்புறைகள் வந்து நின்றன. 2009 முதல் 2017 வரை, அவர் வைத்த வரிசையில். வெள்ளத்தாய் கைகூப்பிவிட்டாள். அவர் 2012-ஐத் திறந்தார். பெயர்கள் மேலிருந்து கீழாக நிறைந்தன. ஒன்றின் மேல் அழுத்தினார். படம் வரவில்லை. உள்ளே டக், டக் என்று ஒரு சத்தம், கதவு தட்டுவது போல. திரை உறைந்தது.

“அண்ணாச்சி, சத்தம் சரியில்ல. கழட்டிருங்க.”

“செத்த நேரம் பொறும்மா. பேரெல்லாம் வந்துச்சுல்ல, பார்த்தேல்ல?”

கழற்றி மறுபடி செருகினார். மறுபடி பெயர்கள், மறுபடி டக், டக். பெயர்கள் மட்டும் வராமல் போயிருந்தால் அவர் கையை எடுத்திருப்பார்.

சாயங்காலம் வந்த அழகுராஜா டிஸ்க்கைக் காதருகே வைத்து மெல்லச் சாய்த்துப் பார்த்தான். பிறகு மாமாவைப் பார்த்தான்.

“எத்தனை தடவை மாமா?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் முப்பத்தொரு வருஷம் வந்த நேரத்தை வந்த நேரமாகவே எழுதிய வாய்.

“நாலு” என்றார்.

 அழகுராஜா, இனியாவது காயாமல் இருக்கட்டும் என்று ஈரத்துணி கேட்டு வாங்கி, டிஸ்க்கை அதில் சுற்றி ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு, காபிகூடக் குடிக்காமல் போனான். மருமகன் அவர் வீட்டில் காபி குடிக்காமல் போனது அன்றுதான்.

சென்னையில் ஒரு லேபுக்கு அனுப்பினார்கள். விவரமெல்லாம் இமெயிலில் வரும் என்றார்கள் அங்கே. கையெழுத்துப் போட்ட கடிதமாகத் தபாலில்தான் வேண்டும் என்று பால்ச்சாமி எழுதிக் கொடுத்தார்.

பதில் வருவதற்குள் சும்மா இருக்க முடியவில்லை. போனில் அனுப்பிய படங்கள் யாரிடமாவது இருக்குமே என்று கிளம்பினார். வன்னியம்பட்டிக்குப் போனார், வத்திராயிருப்புக்குப் போனார், மகாராஜபுரத்தில் மைத்துனர் வீட்டுக்குப் போனார். ஆறு வருஷமாகப் படம் கேட்டு இவரிடம் ஏச்சு வாங்கியவர்கள் வாசலில் இவரே போய் நின்றார். யாரும் குத்திப் பேசவில்லை. குத்திப் பேசியிருந்தால் கொஞ்சம் தேவலாம் போல இருந்திருக்கும். ஒன்பது படங்கள் தேறின. எல்லாம் கல்யாண வீட்டுக் கூட்டம், மூன்றாம் வரிசையில் தபால்தலை அளவுக்கு ஒரு முகம். ஒன்றில் ஒரு பெண் தன் குழந்தையை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டியிருந்தாள். குழந்தையைத் தூக்கியிருந்த ஈஸ்வரியின் கையும் வளையலும் மட்டும் மிஞ்சியிருந்தன.

முனீஸ்வரியிடம் கடைசியாகத்தான் போனார். அவள் பழைய போனைச் சார்ஜ் போட்டு எடுத்து வந்து, விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

“மழையில நனைஞ்சுக்கிட்டு மாடியில நிப்பாளே, அந்தப் படம் இருந்துச்சு. அதைத்தான் ஸ்டேட்டஸ் வச்சிருந்தேன்.”

“இருக்கா?”

அவள் தலையை நிமிர்த்தவில்லை. “நீங்கதான அண்ணே அழிக்கச் சொன்னீக. கையில வாங்கிப் பார்த்தீகளே.”

ஜெயபாண்டிக்குப் போன் போட்டார். 

“போன் மாத்துனப்ப எல்லாம் போயிருச்சு மாமா. நான் பெருசா எடுத்துக்கல. நம்மகிட்ட போனா என்ன, மாமாகிட்ட எல்லாம் பத்திரமா இருக்கும்னு விட்டுட்டேன்.”

கேட்ட இடமெல்லாம் அதே பதில்தான் வேறு வேறு வாயிலிருந்து வந்தது. பால்ச்சாமியிடம் இருக்கும், அவர் ஒன்றையும் தொலைக்க மாட்டார். அந்த நம்பிக்கையில் யாரும் எதையும் வைத்துக்கொள்ளவில்லை.

பொங்கலுக்கு முன்னால் லேபிலிருந்து முதல் தபால் வந்தது. கடிதமும் ஒரு தடித்த கட்டும். டிஸ்க்கின் உள்ளே சுழலும் தட்டின் தொடக்கப் பகுதி நன்றாக இருக்கிறது, ஆகவே கோப்புகளின் பட்டியல் முழுமையாகக் கிடைத்துவிட்டது, அதை அச்சிட்டு இணைத்துள்ளோம். படங்கள் இருந்த பகுதியில் ஆழமான கீறல்கள் உள்ளன, ஈரத்தோடு இயக்கப்பட்டது காரணமாக இருக்கலாம். மாற்று உதிரி பாகம் பொருத்தி இன்னொரு முயற்சி செய்கிறோம், சில மாதங்கள் ஆகும்.

கட்டில் நூற்றெட்டுப் பக்கம். அத்தனையும் அவர் வைத்த பெயர்கள். ஒன்றுகூடக் குறையவில்லை. அதற்கப்புறம் தினமும் தபால்காரர் வரும் வேளைக்கு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

அழகுராஜா ஒரு நாள் வந்து அந்த ஒன்பது படங்களையும் மூன்று இடங்களில் ஏற்றிக் கொடுத்தான். ஒன்று ராஜபாளையத்தில், ஒன்று வில்லிபுத்தூரில், ஒன்று கோயம்புத்தூர் மாப்பிள்ளையிடம். “இதுல எதையும் எதுக்காகவும் ஒரே இடத்துக்குக் கொண்டுவரக் கூடாது மாமா” என்றான். காபியைக் குடித்துவிட்டுத்தான் போனான்.

கடிதம் வராமலே மே மாதம் வந்தது. தர்ஷிகாவை விட்டுப் போக வந்த ஜெயபாண்டி வாசலிலேயே நின்று சொன்னார். “பிள்ளைகிட்ட நான் சொல்லல மாமா. வாய் வரல. நீங்களே சொல்லிருங்க.”

அவள் அதை மறந்திருக்கக் கூடும் என்று நாலைந்து நாள் அவருக்கு ஒரு நப்பாசை இருந்தது. மறக்கவில்லை. கேட்பதற்கு நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஒரு மத்தியானம், மாடத்தி அடுப்படி வாசலில் உட்கார்ந்து புளி ஆய்ந்துகொண்டிருந்தபோது, அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“தாத்தா, இப்பக் காட்டறீங்களா?”

“படம் எரிஞ்சு போச்சும்மா. தாத்தா பத்திரமா வைக்கல.”

கண்ணைச் சிமிட்டாமல் அவரையே பார்த்தாள். “எல்லாமேவா?”

“பேரு மட்டும் இருக்கு. ஒவ்வொரு படத்துக்கும் நான் வச்ச பேரு.” கட்டை எடுத்து மடியில் வைத்தார். “மெட்ராஸ்ல இருந்து இன்னொரு காயிதம் வரணும். அதுல ஏதாச்சும் வரலாம்.”

“அப்பப் பேரைப் படிங்க.”

கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். “2010, ஜனவரி 16. ஈஸ்வரி. வாசல். கரும்பு. இரண்டு.”

“அதுல சிரிக்கறாங்களா?”

அவர் தாளைப் பார்த்தார். தேதி இருந்தது. இடம் இருந்தது. கரும்புகூட இருந்தது. சிரித்தாளா என்று இல்லை. அடுத்ததைப் பார்த்தார், அதற்கடுத்ததைப் பார்த்தார். ஈஸ்வரி, மாடி, மழை, நான்கு. ஈஸ்வரி, பஸ் நிலையம், பெட்டி, ஒன்று. நாலாயிரத்து முந்நூற்றுப் பதினெட்டில் ஒன்றிலும் அதை எழுதவில்லை. படம்தான் இருக்கிறதே, அதை வேறு எழுத வேண்டுமா என்று அன்றைக்கு இருந்திருக்கிறார். கண்ணை மூடிக் கரும்பை நினைத்தார். கரும்பு வந்தது. அதைப் பிடித்திருந்த கை வந்தது. அதற்கு மேலே கேமராவின் சின்னத் திரைதான் நினைவுக்கு வந்தது, அதில் வெளிச்சம் போதுமா என்று தான் பார்த்துக்கொண்டிருந்தது வந்தது. முகம் வரவில்லை.

“தாத்தாவுக்கு நெனப்பு இல்லம்மா” என்றார்.

அடுப்படி வாசலிலிருந்து குரல் வந்தது.

“ரெண்டாவதுல சிரிக்கல. மொதப் படத்துலதான் சிரிச்சா.”

மாடத்தி புளியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “கரும்புச் சக்கை ஈறுல குத்தி ரத்தம் வந்திருச்சு. ஒரு அழுகை. உங்க தாத்தா, அம்புட்டு அழுகையிலயும், ‘அசையாம நில்லு’ன்னு ரெண்டாவது எடுத்தாவ. அதுல வாயைப் பொத்திக்கிட்டு நிப்பா.”

ஏழு வருஷமாக அந்த வீட்டில் மகள் பேரை எடுக்காத வாய் அது. அந்தப் படங்களில் ஒன்றைக்கூட அவள் பார்த்ததில்லை. அவர் கேமராவைப் பார்த்துக்கொண்டு நின்ற நேரமெல்லாம் அவள் பக்கத்தில் நின்று பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

தர்ஷிகா நகர்ந்து நகர்ந்து அடுப்படிப் பக்கம் போய்விட்டாள். “அப்புறம், அம்மாச்சி?”

“அவியளைப் படிக்கச் சொல்லு. படிச்சாத்தான எனக்கு வரும்.”

அவர் படித்தார். அவள் சொன்னாள். மழையில் நிற்கும் நாலாவதில் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு சிரிப்பாள், மூன்றாவதில் தும்முவாள். பஸ் நிலையத்தில் சிரிப்பில்லை. ஹாஸ்டலுக்கு முதல் முதலாகப் போகிற அன்று யார் சிரிப்பார்கள்? சில பெயர்களுக்கு மாடத்தி பதில் சொல்ல நேரமெடுத்தாள். சிலவற்றுக்குச் சொல்ல ஆரம்பித்துவிட்டு, புளிக்கொட்டையைப் பொறுக்குவது போலக் குனிந்துகொண்டாள். பிள்ளை அவசரப்படுத்தவில்லை. இப்படியே தினம் மத்தியானம் கொஞ்சம் கொஞ்சமாக நடந்தது.

தர்ஷிகா அங்கே இருந்த கடைசி நாளைக்கு முந்தின நாள் படித்தது இது. “2013, மார்ச் 9. ஈஸ்வரி. கல்லூரி. கேட். ஒன்று.”

“அதுல வாயெல்லாம் பல்லு” என்றாள் மாடத்தி. “எங்களைப் பார்த்ததும் ஓடியாந்தா. துப்பட்டா ஒரு பக்கம் போகுது, அவ ஒரு பக்கம் வாரா.”

பால்ச்சாமி தாளிலிருந்து தலையைத் தூக்கினார். மார்ச் 9 மாடத்தி கல்லூரிக்கு வரவில்லை. அண்ணன் மகள் சடங்குக்கு மகாராஜபுரம் போயிருந்தாள். அவர் மட்டும்தான் போனார். அன்று ஈஸ்வரிக்குக் காய்ச்சல். வாட்ச்மேன் நாற்காலியில் உட்கார வைத்துத்தான் அந்தப் படம் எடுத்தார். அது ஒன்று மட்டும் அவருக்குத் தெளிவாக நினைவிருந்தது.

தர்ஷிகா வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள். ஓடி வருகிற ஒருத்தியை அவள் பார்த்துக்கொண்டிருந்தது முகத்தில் தெரிந்தது.

மாடத்தியும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆமா” என்றார் பால்ச்சாமி. “ஓடித்தான் வந்தா.” பக்கத்தைப் புரட்டினார்.

2014-ஐத் தொடங்கியிருந்தபோது வாசலில் சைக்கிள் மணி கேட்டது. பதிவுத் தபால். கையெழுத்துப் போட்டு வாங்கினார். கனமாக இருந்தது, டிஸ்க்கையும் திருப்பி அனுப்பியிருந்தார்கள். உள்ளே பிள்ளை “தாத்தா, அடுத்தது” என்று கூப்பிட்டது கேட்டது. முற்றத்தில் நின்றே பிரித்துப் படித்தார். நாலு வரி. இரண்டாவது முயற்சியும் பலனளிக்கவில்லை. இதற்கு மேல் எதையும் மீட்க இயலாது. வருந்துகிறோம்.

மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உள்ளே போய், கண்ணாடியை மாட்டி, அடுத்த பெயரைப் படித்தார்.

கடைசிக் கடிதம் வந்து சேர்ந்தது: 17-05-2024.